மூளை உள்ள காரா, மூளை இல்லாத காரா: எங்க வீட்டுல 3 மாசமா ஓடுற பஞ்சாயத்து

எல்லாம் அந்த பூச்சாடியில ஆரம்பிச்சது. அப்பாவுக்கு 71 வயசு, இன்னும் காடி ஓட்டுறாரு, பெருசா எங்கயும் இல்ல, கோலாலம்பூர் (கேஎல்) செந்தூல்ல எங்க அபார்ட்மெண்ட்லேர்ந்து பசாருக்கு, கோயிலுக்கு, அவரு கூட்டாளி வீட்டுக்கு, அவ்ளோதான். ஒரு சனிக்கிழமை காலையில மாமாக் சாப்பாட்டுக் கடை முன்னாடி பார்க் பண்ணப் போனவரு பிரேக்னு நெனச்சு எக்ஸலரேட்டர அமுக்கிட்டாரு. எங்க 2008 பெரோடுவா மைவி நடைபாதை மேல ஏறி 2 பூச்சாடிய ஒடச்சு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலிய தள்ளிக்கிட்டு போயி தூண்ல முட்டி நின்னுச்சு. நாற்காலியில ஆள் இல்ல. 5 நிமிசம் முன்னாடி வரைக்கும் ஒருத்தர் இருந்தாராம், தே தாரிக் குடிச்சுட்டு எந்திரிச்சு போயிருக்காரு. பூச்சாடிக்கு 80 வெள்ளி (ரிங்கிட்), பம்பருக்கு 350, அப்பா 2 நாள் யார்கிட்டயும் பேசல.

அதுக்கப்புறம்தான் வீட்டுல பேச்சு, இந்த பழைய காடிய மாத்திட்டு கொஞ்சம் புத்தியுள்ள காரா ஒண்ணு எடுக்கலாம்னு. எடுக்கலாம், ஆனா எது? எனக்கு இவி, அதான் பேட்டரியில ஓடுற கரண்டு காரு, அது மேல ஒரு கண்ணு, பொய் சொல்லல. வீட்டுக்காரி நர்ஸு, ஷிப்ட் முடிச்சு ராத்திரி 10 மணிக்கு மேல தனியா ஓட்டி வர்றவங்க, அவங்களுக்கு செகண்ட் ஹெண்ட் புரோட்டோன் எக்ஸ்50 போதும். அப்பாவுக்கு எதுவுமே வேணாம், "இருக்குற காடிக்கு ஒரு நல்ல பம்பர் போடு"ன்னாரு. நடுவுல புது மைவின்னு ஒரு ஆப்ஷனும் வந்து ஒட்டிக்கிச்சு. நாலையும் 3 மாசமா அலசிட்டேன், அதத்தான் எழுதுறேன், இதே கொழப்பத்துல இருக்குறவங்களுக்கு ஒதவும்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். ஸ்மார்ட் கார்னு சொல்லி வேற வேற சாமான ஒரே பையில போட்டு விக்கிறாங்க. காப்பாத்துற மூளை ஒண்ணு, தானா பிரேக் போடுறது, லைன் தாண்டுனா கத்துறது, பக்கத்துல மோட்டார் (பைக்) வந்தா பக்கக் கண்ணாடியில லைட் காட்டுறது எல்லாம் அது. அப்புறம் திரை, டேஷ்போர்ட் முழுக்க டிவி மாதிரி ஒண்ணு. அப்புறம் இன்டர்நெட், போன்லேயே கதவு தொறக்குறது, ஏர்கோன் போடுறது, காரு எங்க நிக்குதுன்னு பாக்குறது. இது போதாதுன்னு இவின்னாலே ஸ்மார்ட்னு ஒரு நெனப்பு வேற, பேட்டரியில ஓடுறதுக்கும் புத்திக்கும் சம்பந்தமே இல்ல, சேத்து விக்கிறாங்க, அவ்ளோதான். (ஸ்மார்ட்ங்கிற பேர்லயே ஒரு பிராண்ட் இருக்கு, மெர்சிடிஸ்பென்ஸும் கீலியும் பாதி பாதி, இங்க புரோட்டோன் குரூப் ஆளுங்கதான் கொண்டு வந்தாங்க. கூட்டாளிகிட்ட "ஸ்மார்ட் கார் பாக்குறேன்"னு சொன்னா "ஹேஷ்டேக் ஒண்ணா மூணா"ன்னு அந்த பிராண்டோட மாடல் பேரச் சொல்லி கேக்குறான். அது இல்லடா.)

காப்பாத்துற மூளையப் பத்தி எனக்கு சந்தேகமே இல்ல, அதுக்கு காசு குடுக்கலாம். அமெரிக்காவுல இன்சூரன்ஸ் கம்பெனிங்க காசுல நடக்குற ஐஐஎச்எஸ்னு ஒரு அமைப்பு, தானா பிரேக் போடுற வசதி உள்ள காருங்க முன்னால போற வண்டியில போய் முட்டுறது பாதியா கொறஞ்சிருக்குன்னு கணக்கு காட்டியிருக்காங்க. பாதி! ஆனா அதே ஆளுங்கதான் 2024ல இன்னொண்ணும் சொன்னாங்க, காரு தானே ஸ்டேரிங் பிடிச்சு லைன்ல போறது, முன்னால போற வண்டிக்கு ஏத்த மாதிரி வேகம் கூட்டிக் கொறைக்கிறது, இதெல்லாம் சேந்த அரைகுறை தானியங்கி வசதியால விபத்து கொறையுதுன்னு பெருசா ஆதாரம் இல்ல, அது சொகுசு, பாதுகாப்பு இல்லன்னு. ஷோரூம்ல இது ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்வாங்க, லெவல் 2ன்னு வேற பெருமையா சொல்வாங்க. லெவல் 2ன்னா என்ன அர்த்தம்னா ஓட்டுறது நீதான், கண்ண ரோட்டுலேர்ந்து எடுக்கக் கூடாது, ஏதாச்சும் ஆனா பொறுப்பும் உன்னோடதுதான்.

இத நானே ஓட்டி பாத்தேன். 2021 எக்ஸ்50 ஃபிளேக்ஷிப் (மேல் மாடல்), பெட்டாலிங் ஜெயா பக்கம் ஒரு செகண்ட் ஹெண்ட் கடையில நின்னுச்சு, கேட்ட விலை 70 ஆயிரத்துக்கு மேல. அந்த மாடல்ல டிராஃபிக் ஜேம்ல தானா நின்னு தானா கெளம்புற குரூஸ் கண்ட்ரோல் இருக்கு, பார்க்கிங்கும் அதுவே போடும். சாயங்காலம் 6 மணிக்கு மேல ஃபெடரல் ஹைவேயில கொண்டு போனேன், வேணும்னேதான் அந்த நேரம். மொத 5 நிமிசம் சொர்க்கம், கால தூக்கி வச்சுட்டு ஒக்காந்திருக்கேன், காரு மெதுவா ஊருது, நிக்குது, ஊருது. பிரச்சன என்னன்னா அது முன்னால உள்ள காருக்கும் நமக்கும் ஒழுங்கா ஒரு இடைவெளி விடுது, கேஎல்ல இடைவெளி விட்டா என்ன ஆகும், வெத்தல பாக்கு வச்சு கூப்புட்ட மாதிரி எடது பக்கத்துலேர்ந்து ஒரு வேன் உள்ள வந்துச்சு, நம்ம காரு பயந்து பிரேக் போடுது, மறுபடி இடைவெளி விடுது, அதுல ஒரு அல்சா காரு உள்ள வருது, பின்னால உள்ளவன் ஹார்ன் அடிக்கிறான். அங்காசாபுரி வர்றதுக்குள்ள 7 பேரு உள்ள பூந்துட்டானுங்க, எண்ணுனேன். மோட்டார் ஓட்டுறவங்க வேற, தனி லேன் இருந்தும் பாதிப் பேரு நடுவுல ஊசி மாதிரி வர்றாங்க, ஒவ்வொரு தடவையும் திரையில ஒரு குட்டி மோட்டார் படம் வந்து வந்து போகுது. நம்ம நாட்டு ரோட்டுல சாகுறவங்கள்ல பாதிக்கும் மேல மோட்டார் ஓட்டுறவங்கதான், அதனால அந்த குட்டிப் படத்தையும் கண்ணாடியில எரியிற லைட்டையும் நான் கேலி பண்ண மாட்டேன். குரூஸ மட்டும் ஆஃப் பண்ணிட்டேன்.

வீட்டுக்காரிக்கு புடிச்சதும் அந்த கண்ணாடி லைட்டுதான். "என்னங்க, 12 மணி நேரம் நின்னுட்டு வர்றேன், எனக்கு கழுத்து திருப்பி பாக்கவே தெம்பு இல்ல, இது பாத்து சொல்லுதுல்ல"ன்னாங்க. அதுக்கு மேல நான் என்ன பேசுறது.

சரி, எக்ஸ்50 ஏன் எடுக்கலன்னா காரணம் எங்க போர்மேன் (மெக்கானிக்) அங்கிள். 20 வருசமா எங்க காடி எல்லாத்தையும் அவருதான் பாக்குறாரு, ஜின்ஜாங்ல கடை. பானெட்ட கூட தொறக்கல, நேரா முன் பம்பர் கிட்ட குனிஞ்சு வெரலால தட்டி காட்டுனாரு, "போஸ், இங்க உள்ள ராடார் இருக்கு, அப்பா பூச்சாடி முட்டுன மாதிரி முட்டுனா இனிமே 350 இல்ல"ன்னாரு. முன் கண்ணாடிக்கு பின்னால கேமரா, கல்லு பட்டு கண்ணாடி மாத்துனா அந்த கேமராவ மறுபடி அளவு பாத்து செட் பண்ணணும், இல்லன்னா அது ரோட்ட கோணலா பாக்கும், தப்பான நேரத்துல பிரேக் போடும். இதுக்கு மிஷின் எல்லா கடையிலயும் இல்ல. என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு கராக் ரோட்டுல லோரி டயர்லேர்ந்து கல்லு தெறிச்சு கண்ணாடி போச்சு, இன்சூரன்ஸ்ல கண்ணாடி கவரேஜ் எடுத்து வச்சிருந்தாரு, கண்ணாடி வந்துச்சு, கேமரா செட் பண்ற காசு மட்டும் அதுல அடங்காதுன்னுட்டாங்க, சண்டை போட்டு பாத்து கடைசியில கைக்காசுதான். அதனால எந்த ஸ்மார்ட் கார் எடுத்தாலும் கண்ணாடி கவரேஜ் தொகைய ஏத்தி எழுதுங்க, கேமரா சேருமான்னு வாயால கேக்காதீங்க, எழுத்துல வாங்குங்க.

அதோட செகண்ட் ஹெண்ட் ஸ்மார்ட் கார்ல இன்னொரு தொல்ல. பழைய காடியில எஞ்சின் சத்தம் கேட்டா போர்மேனுக்கு தெரிஞ்சுடும். இதுல முன்னாடி ஓனர் எங்கயாச்சும் முட்டி பம்பர மாத்தி சென்சோர ஏனோதானோன்னு மாட்டியிருந்தா கேட்டா தெரியாது, பாத்தா தெரியாது. ஹாஃப்கட் (பழைய காரு உதிரி பாகம் விக்கிற) கடையில எடுத்த சென்சோரா இருந்தா இன்னும் நல்லது. அங்கிள் சொன்னது ஒரே வார்த்த, "மஹால் லா." வெல ஜாஸ்தின்னு அர்த்தம்.

இப்ப இவிக்கு வர்றேன், என் ஆசைக்கு.

புரோட்டோன் இமாஸ் 7 வந்தது 2024 டிசம்பர், நம்ம நாட்டு கம்பெனியோட மொத இவி, ஒரு லட்சத்து சொச்சம் வெள்ளி. திரை 15 இன்ச்சுக்கு மேல. பிஒய்டி அட்டோ 3ல திரை படுத்துக்கிட்டும் நிக்கும் நிமிந்தும் நிக்கும், புள்ளைங்கள கூட்டிட்டு போயிடாதீங்க, நான் கூட்டிட்டு போயி மாட்டிக்கிட்டேன், ஷோரூம்ல அர மணி நேரம் அத சுத்தி சுத்தி விட்டுக்கிட்டு இருந்துச்சுங்க. ஓட்ட சொகம்னா சொகம், சத்தம் இல்ல, ஏத்தத்துல அழுத்துனா பறக்குது, ஜேம்ல நின்னாலும் வெட்டியா எண்ணெய் (பெட்ரோல்) எரியல. அது மட்டும் பாத்தா இன்னைக்கே கையெழுத்து போட்டுருப்பேன்.

கணக்கு போட்டேன், அங்கதான் மனசு ஒடஞ்சுச்சு. நாங்க மாசம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுறோம். மைவி மாதிரி காரு லிட்டருக்கு 16 குடுக்கும்னு வச்சா 94 லிட்டர். 2025 செப்டம்பர் 30லேர்ந்து புடி95ங்கிற அரசாங்க எண்ணெய் சலுகை வந்துச்சு, ஐசி (அடையாள அட்டை) காட்டுனா ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசு, ஆரம்பத்துல மாசம் 300 லிட்டர் வரைக்கும், அந்த வெலைக்கு எண்ணெய் செலவு 187 வெள்ளி. இவி 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் எடுக்கும்னா 225 யூனிட், வீட்டுலயே சார்ஜ் போட்டா யூனிட் ஏறக்குறைய 50 காசுன்னு வைங்க, 112 வெள்ளி. மிச்சம் 75. இப்ப லோனப் பாருங்க. 60 ஆயிரம் வெள்ளி மைவிக்கு 10 விழுக்காடு டிபோசிட் போக 54 ஆயிரம், 9 வருசம், பழைய மாதிரி பிளாட் வட்டி 3 விழுக்காடுன்னு போட்டா மாசம் 635. ஒரு லட்சத்து 10 ஆயிரம் காருக்கு அதே கணக்குல 1,164. மாசம் 529 வித்தியாசம், 75ஐ மிச்சம் புடிச்சு 529ஐ எப்படி அடைக்கிறது? சர்வீஸ் கொறைவுதான், எஞ்சின் எண்ணெய் மாத்துற வேல இல்ல, சரி, ஆனா காரு வெல கூட இருந்தா இன்சூரன்ஸும் கூட.

அதுவும் வீட்டுல சார்ஜர் இருந்தா. எங்க அபார்ட்மெண்ட்ல இல்ல. மேனேஜ்மெண்ட் மீட்டிங்ல கேட்டேன், முன்வரிசை அங்கிள் ஒருத்தர் "பேஸ்மெண்ட்ல காரு தீப்புடிச்சா யாரு பொறுப்பு"ன்னாரு, இன்னொருத்தர் "உன் கரண்டுக்கு எங்க மெயின்டனன்ஸ் காசா"ன்னாரு, தனி மீட்டர் வைக்கலாம்னு நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பேச்சு லிஃப்ட் ரிப்பேருக்கு போயிடுச்சு. அப்ப வெளியதான் சார்ஜ் போடணும், வேகமா ஏத்துற சார்ஜர்ல யூனிட் ஒரு வெள்ளிக்கு மேல, 1 வெள்ளி 20 காசுன்னு வச்சாலே 225 யூனிட்டுக்கு 270. எண்ணெய விட கூட! இது யாரும் ஷோரூம்ல சொல்றதில்ல. தரை வீடு, கார் நிறுத்துற எடத்துலேயே பிளக், கூரையில சோலார் இருக்குறவங்களுக்கு என் கணக்கு பொருந்தாது, அவங்க தாராளமா எடுக்கலாம், பொறாமையோட சொல்றேன்.

வெல கொறஞ்ச இவியும் வந்துருச்சு, இமாஸ் 5 மாதிரி 60 ஆயிரம் வாக்குல. பெரோடுவா இவி 2025 டிசம்பர்ல அறிமுகமானப்ப 80 ஆயிரம் வெள்ளி, அதுவும் பேட்டரி இல்லாம, பேட்டரிக்கு மாசம் 275 வாடகை, 9 வருசம். பெருக்கி பாத்தா பேட்டரிக்கு மட்டும் 29,700. பேட்டரி பழசாயிடுமோங்கிற பயத்த வாடகைக்கு விட்ட மாதிரி, யோசன நல்லாத்தான் இருக்கு. எங்களுக்கு பிளக்கே இல்லாதப்ப எந்த பேட்டரியா இருந்தா என்ன.

காச விட என்ன அசைச்சது மச்சானோட காரு. சீனத் தயாரிப்பு இவி, பேரு வேணாம். அதுல வைப்பர் வேகத்த மாத்தணும்னா திரைக்குள்ள போவணும். ஒரு நாள் எம்ஆர்ஆர்2 ஹைவேயில நாங்க வர்றப்ப புடிச்சுச்சு பாருங்க மழை, கேஎல் மழை தெரியும்ல, முன்னால போற லோரியோட லைட்டே தெரியல. தானா வேகம் மாத்துற வைப்பர் பாவம் யோசிச்சு யோசிச்சு ஒரு தட்டு தட்டுது. மச்சான் ஒரு கண்ணு ரோட்டுல ஒரு கண்ணு திரையில, வெரல வச்சு மெனுவ தேடுறான், காரு ஆட்டத்துல வெரல் நழுவி ரேடியோ மாறிடுச்சு, மின்னல் எஃப்எம்ல பழைய பாட்டு ஓடுது, வைப்பர் அதே வேகம். நான் எட்டிப் பாத்து தேடி அழுத்துனேன். பழைய மைவியில அது கைப்பழக்கம், குச்சிய கீழ தட்டுனா முடிஞ்சுச்சு. ஐரோப்பாவுல காரு பாதுகாப்ப சோதிச்சு மார்க் போடுற யூரோ என்கேப் காரங்க 2026லேர்ந்து சிக்னல், ஹார்ன், வைப்பர், ஹசார்ட் லைட், அவசர அழைப்பு இதுக்கெல்லாம் தனியா பட்டனோ குச்சியோ இல்லன்னா முழு மார்க் தர மாட்டோம்னுட்டாங்க, அதனால கம்பெனிங்க கொஞ்சம் கொஞ்சமா பட்டனுக்கு திரும்புறாங்க. நீங்க ஷோரூம் போனா மொதல்ல வைப்பர் எங்கன்னு தேடுங்க, அப்புறம் கண்ணாடி பனிய போக்குற ஏர்கோன் பட்டன்.

அதே காரு 2 மாசம் கழிச்சு பேஸ்மெண்ட்ல செத்துருச்சு. பெரிய பேட்டரியில 60 விழுக்காடு இருக்கு, ஆனா கதவு, கம்ப்யூட்டர், பெரிய பேட்டரிய எழுப்புற சுவிட்சு எல்லாம் ஓடுறது சாதா 12 வோல்ட் குட்டி பேட்டரியில, அது போனா யானைக்கு பாகன் இல்லாத மாதிரி, அவ்ளோ பெரிய பேட்டரியும் சும்மா கெடக்கும். அதுக்கு மேல பேஸ்மெண்ட்ல போன் லைன் இல்ல, ஆப் சுத்திக்கிட்டே இருக்கு. மச்சான் கைல சாவி அட்டை, எமர்ஜென்சி சாவி எங்க ஒளிஞ்சிருக்குன்னு தெரியாது, அத சொல்ற மேனுவல் காருக்குள்ள இருக்குற திரையில.

இன்டர்நெட் விசயத்துல வேவு பயம் எனக்கு முந்தி இல்ல, படிச்சதுக்கப்புறம் கொஞ்சம் வந்துச்சு. 2015ல அமெரிக்காவுல 2 பேரு எங்கயோ ஒக்காந்துக்கிட்டு ரோட்டுல ஓடுற ஜீப் செரோக்கிய லேப்டாப்லேர்ந்தே நிறுத்தி காட்டுனாங்க, 14 லட்சம் காரு திரும்ப கூப்புட வேண்டியதாச்சு. 2023ல மொசில்லாங்கிற அமைப்பு 25 கார் பிராண்ட பாத்துட்டு ஒண்ணு கூட தனிப்பட்ட தகவல ஒழுங்கா காக்கலன்னு எல்லாத்துக்கும் எச்சரிக்கை ஒட்டுனாங்க. இது போதாதுன்னு பிஎம்டபிள்யூ சில நாட்டுல சீட்டு சூடாக்குறதுக்கு மாசக் கட்டணம் கேட்டு திட்டு வாங்கி அப்புறம் விட்டுட்டாங்க. நமக்கு கவல இல்ல, மத்தியானம் 2 மணிக்கு கோம்பாக்ல நிறுத்துனா சீட்டு இலவசமாவே சூடாகும். ஆனா இங்கயும் ஆப் வசதி சில காருல மொத சில வருசம்தான் இலவசம், அப்புறம் எவ்ளோன்னு கேட்டா சேல்ஸ்மேன் "அப்ப பாத்துக்கலாம் போஸ்"ங்கிறாரு. 9 வருசம் லோன் கட்டுற காருக்கு அப்ப பாத்துக்கலாமா?

மிச்சம் இருந்தது பழைய மைவிய வச்சுக்கிட்டு டேஷ்கேமும் ரிவர்ஸ் சென்சோரும் மாட்டுறது, ஆயிரம் வெள்ளிக்குள்ள முடியும். லோன் இல்ல, பம்பர் 350தான். ஆனா டேஷ்கேம் பூச்சாடி ஒடையிறத படம் புடிக்கும், தடுக்காது.

அதனால புது மைவி 1.5, மேல் மாடல். 60 ஆயிரத்துக்கு கிட்ட, ரோட் டெக்ஸ் வருசம் 90 வெள்ளி. பெரோடுவாவோட ஏஎஸ்ஏ இதுல இருக்கு, முன்னால முட்டப் போறப்ப எச்சரிக்கும், பிரேக் போடும், அத விட எனக்கு முக்கியம் முன்னால செவுரோ வண்டியோ இருக்கறப்ப தப்பா எக்ஸலரேட்டர அமுக்குனா எஞ்சின் வேகத்த அடக்கிடும். அப்பாவுக்கு நடந்தது அப்படியே அதுதான். எல்லாத்தையும் அது பாத்துடும்னு சொல்லல, கேமராவ நம்புற சாமான், கொட்டுற மழையில அதுக்கும் கண்ணு மங்கும், ஒல்லியான கம்பு, பூச்சாடி எல்லாம் தெரியுமோ என்னவோ. வைப்பருக்கு குச்சி இருக்கு. திரை சின்னது, புள்ளைங்களுக்கு ஏமாத்தம். வீட்டுக்காரி கேட்ட கண்ணாடி லைட்டும் மேல் மாடல்ல இருக்கு, அதோட முன்னால உள்ள காரு நகந்தும் நாம நகரலன்னா பீப் பண்ணி சொல்லும், சிக்னல்ல கண்ணு சொருகுற ஆளுக்கு அது போதும். எண்ணெய் சலுகை போயி, அபார்ட்மெண்ட்ல பிளக் வந்தா, இவி கணக்க மறுபடி போடுவேன்.

போன வாரம் அப்பாவ டெஸ்ட் டிரைவுக்கு கூட்டிட்டு போனோம். ஜாலான் ஈப்போவுல சிக்னல் போடாம லேன் மாறுனாரு, காரு பீப்பீப்புன்னுச்சு. "எவன்டா இது, உங்கம்மா மாதிரி பக்கத்துலேர்ந்து கத்திக்கிட்டே வர்றான்? உங்கம்மாவாச்சும் பத்துமலைக் கோயில தாண்டுனா தூங்கிடுவா"ன்னாரு. திரும்பி வர்ற வரைக்கும் 4 தடவ கத்துச்சு, 4 தடவையும் காரு சொன்னதுதான் சரி. எறங்கி நான் உள்ள புக்கிங் பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டு வெளிய வர்றேன், அப்பா இன்னும் டிரைவர் சீட்டுல ஒக்காந்துருக்காரு, சேல்ஸ்மேன் தம்பி ஜன்னல்ல குனிஞ்சு டேஷ்போர்ட்ல ஏதோ காட்டிக்கிட்டு இருக்கான். கிட்ட போனப்பதான் கேட்டுச்சு, "இந்த பட்டன கொஞ்ச நேரம் அமுக்கி புடிச்சீங்கன்னா ஆஃப் ஆயிடும் அங்கிள்."